அத்தியாயம் 7: பழைய அளவீட்டுச் சேவையை மூடுதல்

மின்வாரிய ஊழியர் வீட்டு மீட்டரை மாற்ற வரும்போது, பழையதைக் கழற்றும் முன் அதன் கடைசி ரீடிங்கைக் குறித்துக்கொள்வார். புதியதை மாட்டியதும் அதன் தொடக்க ரீடிங்கையும் குறிப்பார். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த பில் தகராறில் போய் நிற்கும். இணைய வேகத்தையும் தாமதத்தையும் அளக்கும் சேவைகளை மாற்றும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்தச் சின்ன வேலைதான். புதிய சேவை நன்றாக ஓடுகிறது என்ற திருப்தியில் பழைய சர்வரை அணைத்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, “போன வருஷத்தைவிட வேகம் கூடியிருக்கிறதா, இல்லை நீங்கள் அளக்கும் முறைதான் மாறியிருக்கிறதா?” என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மூடுவது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. கல்லூரி வளாகத்தில் சொந்தமாக ஸ்பீடு டெஸ்ட் சர்வர் நடத்துபவர், இணைய இணைப்பு தரும் சிறு நிறுவனத்தின் பொறியாளர், பொது டேட்டாவை வைத்து ஆய்வு செய்பவர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மெஷர்மென்ட் லேப், சுருக்கமாக எம்-லேப், தன் என்டிடி சோதனையைத் தலைமுறை மாற்றிய விதம். அதன் நிரல்களும் டேட்டாவும் பொதுவில் திறந்திருப்பதால், இங்கே சொல்வதை நீங்களே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

7.1 உதாரணத்தின் பின்னணி

என்டிடி என்பது நெட்வொர்க் டயக்னாஸ்டிக் டூல். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இருந்த ரிச் கார்ல்சன் இதை உருவாக்கினார்; பிறகு இன்டர்நெட்2 அமைப்பில் வளர்ந்தது. வேகத்தை ஓர் எண்ணாகச் சொல்வது அன்றைக்கு அதன் முதல் வேலையாக இருக்கவில்லை. கேபிள் பழுதா, ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸிலும் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸிலும் நிற்கிறதா, தடை உங்கள் கம்ப்யூட்டரிலா வழியிலா என்று நோயறிவதுதான் நோக்கம்.

நோயறிய வேண்டுமானால் ஒரு டிசிபி இணைப்பின் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். அன்றைய லினக்ஸ் கெர்னல் அதை அவ்வளவாக வெளியே காட்டாது. அந்தக் குறையைத் தீர்த்தது வெப்100 என்ற திட்டம். பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையமும் வேறு இரண்டு ஆய்வு மையங்களும் சேர்ந்து எழுதிய கெர்னல் ஒட்டு இது. எத்தனை பேக்கெட் மறுபடி அனுப்பப்பட்டது, விண்டோ எவ்வளவு விரிந்தது, எங்கே காத்திருந்தது என்ற விவரங்கள் எல்லாவற்றையும் இணைப்பு வாரியாக எடுத்துக் கொடுத்தது.

2009 ஜனவரியில் கூகுள், நியூ அமெரிக்காவின் ஓப்பன் டெக்னாலஜி இன்ஸ்டிட்யூட், பிளானட்லேப் கூட்டமைப்பு, கல்வித்துறை ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து எம்-லேப்பைத் தொடங்கினார்கள். என்டிடி அங்கே முக்கியச் சோதனையாக நிலைபெற்றது. எளிய பயனர் பட்டனை அழுத்தினால் பத்து விநாடி டவுன்லோடு, பத்து விநாடி அப்லோடு; முடிவுகள் பொது டேட்டாவாகச் சேர்ந்துகொண்டே போயின. 2014 அக்டோபரில் எம்-லேப் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தச் சேமிப்பின் மதிப்பைக் காட்டியது. அமெரிக்காவின் பெரிய இணைய நிறுவனங்களும் டிரான்சிட் நிறுவனங்களும் சந்திக்கும் இடங்களில் மாதக்கணக்கில் வேகம் சரிந்து கிடந்ததை அது அம்பலப்படுத்தியது. ஒரே கருவியால் இடைவிடாமல் அளந்த வரிசை கையில் இருந்ததால்தான் அந்தச் சரிவு சரிவாகத் தெரிந்தது.

2019 நவம்பரில் எம்-லேப் தன் மேடையையே மாற்றியது. வெப்100 போயிற்று. அதன் இடத்தில் கன்டெய்னர்கள், மாற்றம் செய்யாத லினக்ஸ் கெர்னல், கோ மொழியில் புதிதாக எழுதிய என்டிடி சர்வர் வந்தன. என்டிடி5, என்டிடி7 என்ற இரண்டு நெறிமுறைகளை அந்தப் புதிய சர்வர் பேசியது.

7.2 மூடும் நேரம் வந்துவிட்டதா?

“பழசாகிவிட்டது” என்பது காரணம் ஆகாது. பழைய அளவீட்டுக்கு வயதே ஒரு மதிப்பு. கீழே உள்ள நான்கில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் மூடுவதைப் பற்றி யோசியுங்கள்.

*ஒன்று: அடித்தளத்தைப் பராமரிக்க முடியவில்லை.* வெப்100 ஒட்டு லினக்ஸின் பொதுக் கெர்னலுக்குள் கடைசிவரை சேரவில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் ஒட்டைத் திரும்ப எழுத வேண்டும். எழுத ஆளில்லாவிட்டால் சர்வர்கள் பழைய கெர்னலிலேயே தங்கிவிடும். பாதுகாப்புத் திருத்தம், புது நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர், புது நெரிசல் கட்டுப்பாட்டு முறை எதுவும் உள்ளே வராது.

*இரண்டு: அதே வேலையைப் பொதுவழியே செய்யத் தொடங்கிவிட்டது.* வெப்100 காட்டிய விவரங்களை ஒழுங்குபடுத்தி 2007-ல் ஆர்எஃப்சி 4898 வந்தது. லினக்ஸில் ஏற்கெனவே இருந்த டிசிபி-இன்ஃபோ வசதியும் படிப்படியாக விரிந்தது. தனி ஒட்டு இல்லாமலே தேவையான பெரும்பகுதி கிடைக்க ஆரம்பித்தது.

*மூன்று: பயனர் பக்கத்தில் வாசல் அடைபடுகிறது.* என்டிடி ஜாவா ஆப்லெட்டாக ஓடிய காலம் உண்டு, ஃபிளாஷில் ஓடிய காலமும் உண்டு. பிரவுசர்கள் இரண்டையும் கைவிட்டன. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது.

*நான்கு: வழியில் மறிக்கிறார்கள்.* பழைய என்டிடி 3001-ஆம் போர்ட்டில் பேச்சைத் தொடங்கி, சோதனைக்கு வேறு போர்ட்டுகளைத் திறக்கும். அலுவலக ஃபயர்வால்கள் இதை விடுவதில்லை. அலுவலகங்களிலிருந்து டேட்டா வராவிட்டால் உங்கள் வரிசை வீட்டு இணைப்புகளின் பக்கம் சாய்ந்துவிடும். புதிய என்டிடி7 எல்லாவற்றையும் 443-ஆம் போர்ட்டில், டிஎல்எஸ் குறியாக்கத்தோடு, வெப்சாக்கெட் வழியே செய்கிறது. சாதாரண வலைப்பக்கம் திறக்கும் இடத்தில் சோதனையும் நடக்கும்.

“மற்ற ஸ்பீடு டெஸ்ட்களைவிடக் குறைவாகக் காட்டுகிறது” என்ற புகாரை மட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்டிடி ஒரே ஒரு டிசிபி இணைப்பை வைத்து அளக்கிறது. பல வணிகச் சோதனைகள் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கின்றன. ஒற்றை இணைப்பு எவ்வளவு இழுக்கிறது என்பது ஒரு கேள்வி, வயரில் மொத்தம் எவ்வளவு போகும் என்பது இன்னொரு கேள்வி. உங்களுக்குத் தேவை எது என்று முடிவு செய்யாமல் சேவையை மாற்றினால், புகார் போய் குழப்பம் வரும்.

7.3 புதியது விட்டுவிடுவதைப் பட்டியல் போடுங்கள்

புதிய சேவையின் அறிமுகக் குறிப்பில் அது செய்வதெல்லாம் இருக்கும். செய்யாதவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். பழைய சேவை தந்த ஒவ்வொரு விவரத்தையும் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கத்தில் மூன்று பதில்களில் ஒன்றைப் போடுங்கள்: “அப்படியே வருகிறது”, “வேறு விதமாக வருகிறது”, “வராது”.

என்டிடிக்கு இதைச் செய்தால் பட்டியல் இப்படி வரும்:

- டவுன்லோடு, அப்லோடு வேகம்: வேறு விதமாக வருகிறது. காரணம் அடுத்த பகுதியில்.
- குறைந்தபட்சத் தாமதம், மறுபடி அனுப்பிய பேக்கெட்டுகள்: வேறு விதமாக வருகிறது. வெப்100-க்குப் பதில் டிசிபி-இன்ஃபோ.
- வழியில் உள்ள கருவிகள் பேக்கெட்டைத் திருத்துகின்றனவா என்ற மிடில்பாக்ஸ் சோதனை: வராது.
- பயனர் பக்கத்தில் ஃபயர்வால் இருக்கிறதா என்ற சோதனை: வராது.
- டூப்ளெக்ஸ் முரண், பழுதான கேபிள் பற்றிய ஊகம்: வராது.

கடைசி வரியைப் பற்றி யாரும் வருத்தப்படப்போவதில்லை. இன்றைய சுவிட்சுகளில் டூப்ளெக்ஸ் முரண் அரிது. மிடில்பாக்ஸ் வரி அப்படியல்ல. அதை வைத்து யாராவது ஆய்வு செய்துகொண்டிருந்தால் அவருக்கு வேறு கருவி தேவைப்படும். “வராது” என்று முடிந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைப் பயன்படுத்துபவர் பெயரை எழுதுங்கள். பெயர் கிடைக்காத வரிகளை நிம்மதியாக விடலாம். பெயர் கிடைத்தவருக்கு மூடுவதற்கு முன்பே தகவல் போய்ச் சேர வேண்டும்.

7.4 எண் ஏன் தாவுகிறது? ஒரு கணக்கு

எம்-லேப்பின் பழைய சர்வர்கள் டிசிபி ரீனோ என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையில் ஓடின. என்டிடி5 கியூபிக்கில் ஓடுகிறது. என்டிடி7-ன் டவுன்லோடு பிபிஆரில் ஓடுகிறது. பிபிஆர் 2016-ல் கூகுள் வெளியிட்டது, லினக்ஸ் 4.9-லிருந்து கெர்னலில் இருக்கிறது.

ரீனோவுக்கு ஒரு பேக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று அர்த்தம். உடனே அனுப்பும் அளவைப் பாதியாக்கிவிடும். பிறகு மெல்ல மெல்ல ஏறும். பிபிஆர் ஒரு பேக்கெட் தொலைந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. வழியின் குறுகலான இடத்தில் எவ்வளவு போகிறது, குறைந்தபட்சத் தாமதம் எவ்வளவு என்று கணித்து அந்த வேகத்தில் அனுப்பும்.

இந்த வேறுபாடு எண்ணில் எவ்வளவு என்று பார்ப்போம். ரீனோவின் சராசரி வேகத்துக்கு 1997-ல் மேத்திஸ் முதலிய நால்வர் கொடுத்த சூத்திரம் எளியது. பேக்கெட்டின் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, 1.22-ஆல் பெருக்கி, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். (இதே மேட் மேத்திஸ்தான் வெப்100 திட்டத்திலும் இருந்தவர்.)

*இணைப்பு அ:* திட்ட வேகம் 50 எம்பிபிஎஸ். சர்வர் தொலைவில், போய்வர 100 மில்லிவிநாடி. ஆயிரம் பேக்கெட்டுக்கு ஒன்று தொலைகிறது.
1.22-ஐ 0.001-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 38.6. அதாவது ஒரு சுற்றுக்குச் சராசரியாக 39 பேக்கெட்தான் வழியில் இருக்கும். ஒரு பேக்கெட்டில் 1,460 பைட், விநாடிக்குப் பத்துச் சுற்று. விடை சுமார் 4.5 எம்பிபிஎஸ்.

*இணைப்பு ஆ:* அதே 50 எம்பிபிஎஸ் திட்டம். சர்வர் அருகில், போய்வர 10 மில்லிவிநாடி. லட்சம் பேக்கெட்டுக்கு ஒன்று தொலைகிறது.
அதே சூத்திரம் இப்போது 450 எம்பிபிஎஸ் வரை போகலாம் என்கிறது. வயரின் வரம்பு 50 என்பதால் விடை 50-க்குச் சற்றுக் கீழே.

இரண்டு வீட்டுக்காரர்களும் கட்டுவது ஒரே பணம். பழைய சோதனை ‘அ’ வீட்டில் 4.5 என்று காட்டும், ‘ஆ’ வீட்டில் ஏறக்குறைய 50 என்று காட்டும். பிபிஆரில் ஓடும் புதிய சோதனை இரண்டு வீட்டிலும் 50-ஐ நெருங்கும். சேவை மாறிய நாளில் ‘அ’ வீட்டின் வேகம் பத்து மடங்கு உயர்ந்ததுபோல் டேஷ்போர்டில் தெரியும். ‘ஆ’ வீட்டில் ஒன்றும் நடக்காது. வெளியே வயரில் எதுவும் மாறவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவுகள் மூன்று.

முதலாவது, பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்ற ஒரே பெருக்கு எண் கிடையாது. “பழையதை 1.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ‘அ’ போன்ற இணைப்புகள் எத்தனை, ‘ஆ’ போன்றவை எத்தனை என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

இரண்டாவது, தாவல் மோசமான இணைப்புகளில்தான் பெரிதாக இருக்கும். கிராமப்புறமும் தொலைதூர சர்வரும் “முன்னேறியதுபோல்” தெரியும். கொள்கை முடிவு எடுப்பவர் கையில் இந்த வரைபடம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, அப்லோடு வேறு கதை. டவுன்லோடில் அனுப்புவது சர்வர். அப்லோடில் அனுப்புவது பயனரின் கம்ப்யூட்டர். அங்கே எந்த நெரிசல் கட்டுப்பாடு ஓடும் என்பதை அவருடைய ஆபரேட்டிங் சிஸ்டம் தீர்மானிக்கிறது. சர்வரில் பிபிஆர் போட்டதால் அப்லோடு எண் அப்படித் தாவாது. ஆகவே இரண்டு திசைகளையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும்.

7.5 இரண்டும் ஓடும் காலம்

பழையதும் புதியதும் ஒருசேர ஓடும் காலம்தான் இந்த முழு வேலையிலும் விலைமதிப்பானது. பழைய சர்வரை அணைத்த பிறகு இந்த ஒப்பீட்டு டேட்டாவை எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது. குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். கல்லூரி என்றால் ஒரு செமஸ்டரும் அதன் விடுமுறையும் உள்ளே வரட்டும்.

*பயனரைப் பிரிப்பதை அவரிடம் விடாதீர்கள்.* “புதிய சோதனையை முயன்று பாருங்கள்” என்று ஒரு பட்டன் வைத்தால் அதை அழுத்துபவர்கள் புதுக் கம்ப்யூட்டரும் நல்ல இணைப்பும் உள்ளவர்களாக இருப்பார்கள். பழைய பிரவுசர்காரர்கள் பழையதிலேயே தங்குவார்கள். பிறகு நீங்கள் ஒப்பிடுவது இரண்டு சோதனைகளை அன்று, இரண்டு வகை மனிதர்களை. எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் நிரலிலேயே சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். எல்லோரும் ஒரே பட்டனை அழுத்தட்டும். பின்னால் எது ஓடுகிறது என்பதைச் சர்வர் தீர்மானிக்கட்டும்.

*மெல்ல நகருங்கள், பாதியில் நில்லுங்கள்.* முதலில் நூறில் ஒருவர், பிறகு பத்துப் பேர், பிறகு ஐம்பது. பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் ஒப்பீடு வலுவாக இருக்கும். அங்கேயே அதிக நாள் தங்குங்கள். அவசரத்தில் பலர் இந்தக் கட்டத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

*ஒரே வீட்டில் இரண்டையும் ஓட்டுவதானால்* ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் வயரைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டும் பொய் சொல்லும். எது முதலில் என்பதும் குலுக்கலில் வரட்டும். எப்போதும் பழையதே முதலில் என்றால் தூங்கிக்கிடந்த வைஃபையை எழுப்பும் வேலை அதன் தலையில் விழும்.

*இடத்தை மாற்றாதீர்கள்.* புதிய சேவையோடு சேர்த்து சர்வரையும் வேறு டேட்டா சென்டருக்குக் கொண்டுபோனால், எது எதனால் மாறியது என்று பிரிக்க முடியாது. எம்-லேப் ஒவ்வொரு தளத்துக்கும் அருகிலுள்ள விமான நிலையக் குறியீட்டோடு எண் சேர்த்துப் பெயர் வைக்கிறது. நியூயார்க்கில் எல்ஜிஏ01, ஆம்ஸ்டர்டாமில் ஏஎம்எஸ்01 என்பதுபோல. இப்படி ஒரு பெயர் டேட்டாவின் ஒவ்வொரு வரியிலும் இருந்தால், தளம் மாறியதைப் பிற்பாடு யாரும் கண்டுபிடிக்கலாம்.

*சராசரியை மட்டும் பார்க்காதீர்கள்.* முடிவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நூறில் பத்தாவது, ஐம்பதாவது, தொண்ணூறாவது இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று இரண்டு சேவைகளுக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 7.4-ன் கணக்கு சரியென்றால் பத்தாவது இடத்தில் பெரிய இடைவெளியும், தொண்ணூறாவது இடத்தில் சிறிய இடைவெளியும் தெரியும். தலைகீழாக வந்தால் புதிய சர்வரின் அமைப்பில் எங்கோ கோளாறு இருக்கிறது. மேலே போக வேண்டாம்.

7.6 ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

எம்-லேப் செய்ததில் பின்பற்றத்தக்க ஒரு நல்ல ஏற்பாடு, நடுவில் போட்ட பாலம். வெப்100-லிருந்து நேராக என்டிடி7-க்கு எல்லோரையும் தள்ளவில்லை. புதிய சர்வர் பழைய நெறிமுறையையும் என்டிடி5 என்ற பெயரில் பேசியது. பிறருடைய செயலிகளிலும் தளங்களிலும் பதிந்துகிடந்த பழைய கிளையன்ட்டுகள் உடனே செத்துப்போகவில்லை. என்டிடி7-க்கு மாற அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது.

டேட்டா பக்கத்திலும் இதனால் பலன் உண்டு. வெப்100-க்கும் என்டிடி5-க்கும் இடையே தெரியும் வித்தியாசம் மேடையும் கெர்னலும் ரீனோ-கியூபிக் மாற்றமும் தந்தது. என்டிடி5-க்கும் என்டிடி7-க்கும் இடையே தெரிவது நெறிமுறையும் பிபிஆரும் தந்தது. ஒரே பாய்ச்சலில் போயிருந்தால் எல்லாம் ஒரே முடிச்சாகக் கிடந்திருக்கும்.

உங்கள் சேவை சிறியதென்றாலும் இதே ஒழுங்கில் போகலாம்: முதலில் கெர்னலை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள், பிறகு சர்வர் நிரல், பிறகு நெரிசல் கட்டுப்பாடு, கடைசியில் கிளையன்ட். ஒவ்வொரு படிக்கும் தேதியும் நேரமும் ஒரு கோப்பில் ஏறட்டும்.

பாலத்துக்கு முடிவுத் தேதி வேண்டும். தேதி இல்லாத பாலம் இன்னொரு பழைய சேவையாகிவிடும்.

7.7 யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது

அளவீட்டுச் சேவையைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் உங்கள் பக்கத்துக்கு வருவதே இல்லை. என்டிடியைப் பலர் கூகுள் தேடலில் வரும் ஸ்பீடு டெஸ்ட் பெட்டியாகத்தான் அறிவார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பிராட்பேண்ட் அளவீட்டுத் திட்டத்துக்கும் எம்-லேப் சர்வர்கள் பயன்பட்டிருக்கின்றன. உங்கள் சிறிய சேவைக்கும் இப்படி மறைமுகப் பயனர்கள் இருப்பார்கள்: யாரோ எழுதிய கிரான் வேலை, ஹாஸ்டல் வார்டன் மாதாமாதம் எடுக்கும் ரிப்போர்ட், முன்னாள் மாணவர் ஒருவரின் மொபைல் செயலி. சர்வர் லாகில் யூசர்-ஏஜென்ட் வரிகளை எண்ணிப் பார்த்தால் இவர்கள் அகப்படுவார்கள்.

அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும். ஐந்து விஷயம் போதும். கீழே ஒரு மாதிரி:

> எங்கள் பழைய வேகச் சோதனைச் சேவை ____ தேதி இரவு 11 மணிக்கு நிறுத்தப்படும். புதிய சேவையின் முகவரி ____. புதிய சேவையில் டவுன்லோடு எண், குறிப்பாகத் தொலைவான அல்லது பேக்கெட் இழப்பு உள்ள இணைப்புகளில், கூடுதலாகத் தெரியும். இது அளக்கும் முறை மாறியதன் விளைவு. மிடில்பாக்ஸ், ஃபயர்வால் சோதனைகள் புதியதில் இல்லை. பழைய டேட்டா முழுவதும் ____ முகவரியில் தொடர்ந்து கிடைக்கும்.

நான்காவது வாக்கியத்தைத் தூக்கிவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து வற்புறுத்தல் வரலாம். எண் கூடியதை நிறுவனத்தின் சாதனையாகக் காட்ட யாருக்கும் ஆசை இருக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள், பின்னால் யாராவது கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தால் முழு வரிசையின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

மூடுவதற்கு முன் ஓரிரு முறை, முன்கூட்டியே சொல்லி, பழைய சேவையை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். மின்னஞ்சலைப் படிக்காத பயனர்கள் அப்போது தாமாகவே உங்களைத் தேடி வருவார்கள்.

7.8 பழைய டேட்டாவை என்ன செய்வது

சேவை ஓயலாம், டேட்டா ஓயக்கூடாது. எம்-லேப் வெப்100, என்டிடி5, என்டிடி7 மூன்றையும் தனித்தனி அட்டவணைகளாகவே வைத்திருக்கிறது. எல்லாக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு, அரைகுறையாக முடிந்த சோதனைகளை வடிகட்டிய தொகுப்புப் பார்வை ஒன்று தனியாக உண்டு. மூலம் மூலமாகவே இருக்கிறது, இணைப்பு மேலே ஒரு அடுக்கு. இணைத்த விதம் தவறு என்று நாளை தெரிந்தால் அந்த அடுக்கை மட்டும் திருத்தலாம்.

நீங்கள் காக்க வேண்டியவை:

- பதப்படுத்தாத மூல லாக்குகள். அட்டவணையாக மாற்றிய வடிவம் மட்டும் போதாது. மாற்றிய நிரலில் பிழை இருந்திருக்கலாம்.
- பழைய சர்வர் நிரலும், அது ஓடிய கெர்னலின் பதிப்பும், அமைப்புக் கோப்புகளும். நெரிசல் கட்டுப்பாடு எது என்பது ஒரே ஒரு அமைப்பு வரி. அது தொலைந்தால் 7.4-ன் கணக்கைப் போட முடியாது.
- ஒவ்வொரு வரியிலும் எந்தச் சேவை, எந்தப் பதிப்பு, எந்தத் தளம் என்ற மூன்று பத்திகள்.
- இரண்டும் ஓடிய காலத்தின் ஒப்பீட்டு முடிவுகள், சுமாராக வந்தவையும் சேர்த்து.

வரைபடம் வரையும்போது பழையதையும் புதியதையும் ஒரே கோடாக இழுக்காதீர்கள். இரண்டு நிறம், இரண்டு கோடு; இரண்டும் ஓடிய காலத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்று தெரியட்டும். கோடு உடைந்திருப்பது அசிங்கமாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு, அளவீடு உண்மையில் அங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

7.9 வேறு இரண்டு அனுபவங்கள்

*துல்லியத்தைக் கொடுத்து எண்ணிக்கையை வாங்கியது.* ஐரோப்பாவின் ரைப் என்சிசி நடத்திய டிடிஎம் சேவையில், ஒவ்வொரு பெட்டிக்கும் ஜிபிஎஸ் ஆன்டெனா இருந்தது. இரு முனையிலும் கடிகாரம் ஒத்துப்போவதால் பேக்கெட் போக எடுத்த நேரத்தையும் திரும்பிவர எடுத்த நேரத்தையும் தனித்தனியே அளக்க முடிந்தது. ஆனால் கூரையில் ஆன்டெனா வைத்து வயர் இழுப்பது எல்லா இடத்திலும் நடக்காது. 2010-ல் அதே அமைப்பு தொடங்கிய ரைப் அட்லஸில் உள்ள புரோப் கைக்குள் அடங்கும். வீட்டு ரௌட்டரில் செருகினால் போதும். ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் பரவியது. போய்வரும் மொத்த நேரத்தைத்தான் அது சொல்லும். 2014-ல் டிடிஎம் மூடப்பட்டது. டிஎன்எஸ் சர்வர்களைக் கண்காணிக்க அதன்மேல் ஓடிய டிஎன்எஸ்மான் சேவையை, பெயரை மாற்றாமல், அட்லஸின் பெரிய பெட்டிகளான ஆங்கர்களுக்கு நகர்த்தினார்கள். எதை இழக்கிறோம் என்று தெரிந்தே செய்த பண்டமாற்று இது. 7.3-ன் பட்டியல் இருந்தால் நீங்களும் இப்படித் தெரிந்து முடிவெடுக்கலாம்.

*பழைய கணக்கு கூட வராதது.* கூகுளின் யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் சாதாரணக் கணக்குகளில் புதிய டேட்டா எடுப்பதை நிறுத்தியது. பதிலாக வந்த ஜிஏ4, வருகைகளை மையமாக வைத்துக் கணக்கிடாமல் நிகழ்வுகளை மையமாக வைத்துக் கணக்கிடுகிறது. பழைய டேட்டா புதியதற்குள் போகவில்லை. ஓராண்டுக்குப் பிறகு பழைய அறிக்கைகளைத் திறக்கும் வழியும் மூடியது. சேவை இன்னொருவருடையதாக இருக்கும்போது, அறிவிப்பு வந்த அன்றே இரண்டு வேலை செய்ய வேண்டும்: புதியதை உடனே நிறுவிப் பழையதோடு சேர்ந்து ஓட விடுவது, பழையதை முழுவதுமாக இறக்கிச் சேமிப்பது. கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் ஒப்பிடுவதற்கு மிஞ்சுவது அந்த ஒரு மாதம்தான்.

7.10 மூடும் நாளுக்கான சரிபார்ப்புப் பட்டியல்

ஒரு மாதம் முன்:
1. “வராது” பட்டியலில் உள்ள பயனர்கள் எல்லோருக்கும் தகவல் போயிற்றா?
2. ஒப்பீட்டு அறிக்கை எழுதி வெளியிட்டாயிற்றா? டவுன்லோடு, அப்லோடு தனித்தனியாக இருக்கிறதா?
3. பழைய சேவைக்கு இன்னும் வரும் சோதனைகளில் தானியங்கி நிரல்கள் எத்தனை, மனிதர்கள் எத்தனை?

மூடும் நாளில்:
4. புதிய சோதனைகளைப் பழைய சர்வருக்கு அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருப்பவை முடியட்டும்.
5. கடைசிச் சோதனையின் நேரத்தை யுடிசியில் குறியுங்கள்.
6. மூல லாக்குகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி எடுத்து, ஹேஷ் எண்ணை ஒத்துப்பாருங்கள். பிறகுதான் சர்வரை அணைக்க வேண்டும்.
7. பழைய முகவரியை வெறுமனே புதியதுக்குத் திருப்பிவிடாதீர்கள். பழைய நிரல் புதிய பதிலைப் புரியாமல் பூஜ்யம் என்று பதிவு செய்யலாம். “சேவை நிறுத்தப்பட்டது” என்ற தெளிவான பிழைச் செய்தி வரட்டும்.

மூடிய பிறகு:
8. டேஷ்போர்டுகளில் மாற்றத் தேதி செங்குத்துக் கோடாகத் தெரிகிறதா?
9. பழைய டொமைன் பெயரைத் தொடர்ந்து புதுப்பிக்கிறீர்களா? விட்டால் வேறு யாராவது வாங்கி, பதிந்துகிடக்கும் கிளையன்ட்டுகளுக்கு விருப்பப்படி பதில் சொல்ல முடியும்.
10. மூடியதற்கான காரணம், தேதிகள், ஒப்பீட்டு அறிக்கை, டேட்டா இருக்கும் இடம் நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி டேட்டாவின் பக்கத்திலேயே வைத்தீர்களா? உங்கள் இடத்துக்கு அடுத்து வருபவர் உங்களைத் தொலைபேசியில் அழைக்காமலே வேலை செய்ய முடிய வேண்டும்.

பத்தாவது கேள்விக்கு “ஆம்” வரும்வரை சேவையை மூடிவிட்டதாகக் கணக்கில் எழுதாதீர்கள். சர்வர் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.